இதயத்தின் நெசவு

சேலம் மாநகரின் பழைய தெருக்களில் விடியற்காலையில் நடந்து செல்வோர் செவியில் முதலில் வந்து விழுவது தறியின் ஒலியேயாகும். விசைத்தறிகள் பெருகிவிட்ட இக்காலத்தும் கைத்தறி முற்றும் ஓய்ந்துவிடவில்லை. மிதி ஏறி இறங்க, நாடா இடமும் வலமும் ஓட, ஓர் ஒழுங்கான தாளம் வீட்டினுள்ளிருந்து எழுந்துகொண்டே இருக்கும். அத்தாளம் இடையே தடுமாறினால், உள்ளே ஏதோ ஓர் இழை அறுந்தது என்பதை வாயிலில் நிற்போரும் உணர்வர்.

எனக்கு நண்பராகிய முதியவர் ஒருவர் அத்தகைய தெருவொன்றில் வெண்பட்டு நெய்பவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. மருத்துவர் முயற்சியால் உயிர் பிழைத்து, மீண்டும் தறியில் அமர்ந்தார். ஓராண்டு கழிந்தது. ஒருநாள் காலை, பாதி நெய்த வேட்டியின்மீது அவர் தலை சாய்ந்துவிட்டது. நெஞ்சு மிக விரைவாகப் படபடத்ததும், கண் இருண்டதும் மட்டுமே அவர் நினைவில் நின்றன. மருத்துவமனையில் மின்னதிர்ச்சி அளித்து அவர் இதயத்தை மீண்டும் சீர்ப்படுத்தினார்கள்.

பின்னர் யான் அவரைக் காணச் சென்றபோது, "புலவர் ஐயா! நோய் தீர்ந்து ஓராண்டு ஆயிற்றே! இந்தப் படபடப்பு எங்கிருந்து வந்தது?" என்று என்னை வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. அருகில் நின்ற மருத்துவர் கூறினார்: "பெரியவரே! மாரடைப்பில் உங்கள் இதயத் தசையின் ஒரு பகுதி பட்டுப்போயிற்று. அவ்விடத்தில் இப்போது தழும்பு இருக்கிறது. கிழிந்த துணியில் இழையோட்டிய இடம் போன்றது அது. அந்த இடத்தைச் சுற்றித்தான் துடிப்பு வழிதவறிற்று." நெசவாளர் அதனை உடனே புரிந்துகொண்டார். யான் புரிந்துகொள்ளப் பல நூல்களைக் கற்க வேண்டியதாயிற்று. அவ்வாறு கற்றதையே இப்பாடத்தில் உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

இதயம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 72 முறை துடிக்கின்றது. ஒரு நாளைக்கு அஃது ஓரிலக்கத்திற்கும் மேற்பட்ட துடிப்புகளாகும். இத்துடிப்பை ஏவுவது எது? வலப்பக்க மேலறையின் உச்சியில் சிறியதொரு தசை முடிச்சு உளது. 1907-ஆம் ஆண்டில் கீத்து, பிளாக்கு என்னும் இருவர் இதனைக் கண்டறிந்தனர். அம்முடிச்சில் தோன்றும் மெல்லிய மின் அலை மேலறைகளிற் பரவிப் பின்னர்க் கீழறைகளை அடைகின்றது. அலை தொட்ட இடமெல்லாம் தசை சுருங்குகின்றது, குருதி உந்தப்படுகின்றது. அலை கடந்து சென்றபின் ஒவ்வோர் உயிரணுவும் சிறிது நேரம் ஓய்வு கொள்ளும். அந்த ஓய்வு முடியுமளவும் எவ்வளவு தூண்டினும் அது மீண்டும் எழாது. இவ்வோய்வுக் காலம் கீழறைத் தசையில் ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்காகும்.

இனி, அலை செல்லும் வழியைக் காண்போம். இதயத் தசையின் உயிரணுக்கள் நீண்ட வடிவின. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நீளமுடையது. அவை முனையோடு முனை பொருந்தி, இழையிழையாக அமைந்துள்ளன. துணியில் பாவின் வழியே கை எளிதாக ஓடுவதுபோல, மின் அலையும் இழையின் நீளவாக்கில் விரைந்து செல்லும். குறுக்குவாக்கிலோ அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்திலேயே செல்லும். இவ்விழைகளும் ஒரே திசையில் கிடப்பனவல்ல. கீழறைச் சுவரின் வெளிப்புறத்திலிருந்து உட்புறம் நோக்கிச் செல்லச் செல்ல, அவற்றின் திசை சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டே போகின்றது. ஆகவே, இதயம் நுணுக்கமான ஒரு நெசவு எனலாம்.

இந்நெசவில் தழும்பு விழுந்தால் என்ன நேரும்? இதனை விளக்க நம் ஊர்க் காட்சியொன்றே போதும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் ஆங்காங்கே தனித்து நிற்கும் பாறைக் குன்றுகளை நாம் கரடு என்கிறோம். கரட்டைச் சுற்றிலும் புல்வெளி இருப்பதாகவும், கோடையில் அப்புல் காய்ந்து கிடப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கரட்டின் ஒருபுறத்தில் தீப்பற்றுகின்றது. பாறையில் தீ ஏறாது. எனவே அஃது இடமாகவும் வலமாகவும் இரு கிளையாகப் பிரிந்து ஓடுகின்றது. இரு கிளைகளும் கரட்டின் மறுபுறத்தில் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. முன்னே செல்ல இடமில்லை. இரண்டின் பின்னும் எரிந்த நிலமே உளது. ஆதலால் இரண்டும் அங்கேயே அவிந்து போகின்றன. இதயத்தில் நாள்தோறும் அலை தோன்றி அடங்குவது இவ்வாறேயாம்.

இப்போது கதையைச் சிறிது மாற்றுவோம். எரிந்த இடத்தில் சற்று நேரத்தில் புல் மீண்டும் முளைத்துக் காய்ந்துவிடுவதாகக் கொள்வோம். மேலும், தீப்பற்றிய வேளையில் கரட்டின் வலப்பக்கத்துப் புல் மட்டும் இன்னும் ஈரமாயிருந்தது என்றும் கொள்வோம். தீ வலப்புறம் செல்ல மாட்டாது. இடப்புறமாகவே கரட்டைச் சுற்றி வருகின்றது. அது சுற்றி வருவதற்குள் வலப்புறத்து ஈரம் உலர்ந்துவிடுகின்றது. எதிர்த்து வந்து அதனை அவிக்க மற்றொரு கிளையும் இல்லை. எனவே, தீ வலப்புறத்தையும் கடந்து, தான் புறப்பட்ட இடத்திற்கே திரும்புகின்றது. அங்கே புல் புதிதாக முளைத்துக் காய்ந்து நிற்கின்றது! இனி அத்தீக்கு அழிவேது? அது கரட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் வெளியே உள்ள புல்வெளிக்கும் தீயைப் பரப்பும்.

கரட்டைத் தழும்பு என்றும், தீயை மின் அலை என்றும், புல் முளைக்கும் காலத்தை உயிரணுவின் ஓய்வுக் காலம் என்றும் வைத்துப் பாருங்கள். என் நண்பரின் நெஞ்சு படபடத்த காரணம் விளங்கும். துடிப்பை ஏவும் முடிச்சு தன் கடமையை முறையாகவே செய்துகொண்டிருந்தது. ஆயினும் அதனினும் விரைவாகச் சுழன்ற அலையொன்று ஆட்சியைக் கைப்பற்றிக்கொண்டது.

இவ்வுண்மையை முதலில் தெளிவாகக் காட்டியவருள் சார்சு இரால்பு மைன்சு என்பார் ஒருவர். அவர் 1913-இல் ஆமை முதலிய உயிர்களின் இதயத் தசையை வளையமாக வெட்டி, அலை அவ்வளையத்தைச் சுற்றிச் சுற்றி வருவதைக் கண்டார். அலை ஒரு சுற்றினை முடிக்க ஆகும் நேரம் ஓய்வுக் காலத்தினும் மிகுதியாக இருக்கவேண்டும் என்பதே அவர் கண்ட விதியின் சாரம். இதனை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். நலமான தசையில் அலையின் வேகம் நொடிக்கு 50 சென்டிமீட்டர் என்க. ஓய்வுக் காலம் 0.3 நொடி. இரண்டையும் பெருக்கினால் 15 சென்டிமீட்டர் ஆகும். அதாவது, அலை ஓயாது சுழல வேண்டுமாயின் சுற்றுவழி குறைந்தது 15 சென்டிமீட்டராவது இருத்தல் வேண்டும். கைப்பிடியளவான இதயத்தில் அத்துணைப் பெரிய சுற்றுவழி அமைவது எளிதன்று. ஆனால் தழும்பின் ஓரத்தில் நிலைமை வேறு. அங்கே பட்டுப்போகாது எஞ்சிய சில தசையிழைகள் நாரிழைகளின் இடையே வளைந்து வளைந்து செல்கின்றன. ஓர் உயிரணுவுக்கும் அடுத்ததற்கும் உள்ள மின் தொடர்பும் குறைந்துள்ளது. அதனால் அலையின் வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டராகத் தாழ்ந்தது என்க. இப்போது 3 சென்டிமீட்டர்ச் சுற்றுவழியே போதும்! சிறியதொரு தழும்பு பெரியதொரு கேட்டினை விளைப்பது இதனாலேதான்.

வளையம் ஒன்றாயின் இக்கணக்குப் போதும். உண்மையான இதயமோ கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆயது. தழும்போ ஒரே வடிவினதன்று. அலை எங்கே பிளவுபடும், எங்கே சுழலும் என்பதை எவ்வாறு அறிவது? உயிருள்ள மனிதனின் இதயத்தில் தழும்பை இங்கொரு முறையும் அங்கொரு முறையும் வைத்துச் சோதிக்க இயலுமா? இயலாது, எண்ணுவதும் தகாது. இங்குத்தான் கணிதம் கைகொடுக்கின்றது.

1952-ஆம் ஆண்டில் ஆட்சுகின், அக்சிலி என்னும் ஆங்கில அறிஞர் இருவர், கணவாயின் நரம்பில் மின் அலை எழும் விதத்தைச் சமன்பாடுகளாக எழுதினர். சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் மின்துகள்கள் உயிரணுவின் மென்தோலைக் கடந்து உள்ளும் புறமும் செல்வதே அவ்வலைக்குக் காரணம் என அவை காட்டின. இத்தொண்டிற்காக அவர்கள் 1963-இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வழியைப் பின்பற்றி, 1960-இல் தெனிசு நோபிள் என்னும் இளைஞர் இதய உயிரணுவுக்குரிய சமன்பாடுகளை அமைத்தார். அவற்றின் விடையைக் காண இலண்டன் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறியை நாடினார். நள்ளிரவு கடந்து 2 மணி முதல் 4 மணி வரையிலான நேரமே அவருக்கு ஒதுக்கப்பட்டது. பிறர் உறங்கிய பொழுதில் அவர் விழித்திருந்து, கணிப்பொறியினுள் ஓர் இதய உயிரணுவைத் துடிக்கச் செய்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1964-இல், அமெரிக்க மருத்துவ அறிஞர் கார்டன் மோ என்பாரும் அவர்தம் துணைவரும் 992 அலகுகள் கொண்ட ஒரு தசைப் பரப்பைக் கணிப்பொறியில் அமைத்தனர். அலகுகளின் ஓய்வுக் காலம் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தது. அச்சமமின்மையால் அலை உடைந்து, பல கூறாகி, அடங்காது அலைந்தது.

இன்றைய அறிஞர் செய்வதும் அடிப்படையில் இதுவே. இதயத் தசையைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொரு கட்டத்திற்கும் உரிய சமன்பாடுகளை எழுதுகின்றனர். அண்டைக் கட்டத்திலிருந்து வரும் மின்னோட்டத்தையும், இழையின் திசையையும் அவற்றில் சேர்க்கின்றனர். தழும்புள்ள கட்டங்களில் அலை செல்லாது என்றோ மெதுவாகச் செல்லும் என்றோ குறிக்கின்றனர். பின்னர்க் காலத்தை மிகச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் எல்லாக் கட்டங்களையும் கணக்கிடுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டுக் காண்க: 10 சென்டிமீட்டர்ச் சதுரத்தை 0.2 மில்லிமீட்டர்க் கட்டங்களாக்கினால் 2,50,000 கட்டங்கள் ஆகும். ஒரு நொடியை 50,000 கூறுகளாக்கினால், அந்த ஒரு நொடிக்குக் கட்டங்களை 1,250 கோடி முறை கணக்கிட வேண்டும்! மனிதர் ஒருவரின் வாழ்நாள் இதற்குப் போதாது. கணிப்பொறியோ அயராது இதனைச் செய்து முடிக்கின்றது.

அவ்வாறு செய்தபோது வியத்தகு காட்சியொன்று திரையில் தோன்றிற்று. காவிரியில் நீர் பாறையின் ஓரத்தில் மோதிச் சுழித்துச் செல்வதைப் பரமத்தி வேலூர், மோகனூர்க் கரைகளில் நின்று நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுபோல, அறுபட்ட மின் அலையின் முனையும் சுருண்டுகொண்டு சுழலத் தொடங்கும். இதனைச் சுருள் அலை என்பர். இது கணிப்பொறியின் கற்பனை மட்டுமன்று; 1992-ஆம் ஆண்டில் ஆடு, நாய் ஆகியவற்றின் இதயத் தசைத் துண்டுகளில் இத்தகைய சுருள் அலைகளை அறிஞர் நேரிற் கண்டு படம் பிடித்தனர். சுருள் ஒன்றாக நின்று சுழன்றால் துடிப்பு மிக விரைவாகும். அது பலவாக உடைந்து சிதறினால் கீழறை துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கும். குருதி உந்தப்படாது, சில நிமிடங்களில் உயிர் போகும்.

இத்துறையில் நம் நாட்டினர் ஆற்றிய தொண்டு போற்றத்தக்கது. சேலத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அடையத்தக்க பெங்களூரில், 1909-இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகம் உளது. சென்னைத் தரமணியில், 1962-இல் தோன்றிய கணித அறிவியல் நிறுவனம் உளது. முன்னதைச் சார்ந்த இராகுல் பண்டிட், ஷாஜகான் ஆகியோரும், பின்னதைச் சார்ந்த சிதாப்ர சின்ஹாவும் 2007-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். அவர்கள் கணிப்பொறியில் அமைத்த தசைப் பரப்பில் அலை செல்லாத ஒரு தடையை வைத்தனர். பின்னர் அத்தடையை இடம் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் அலைக்கு என்ன நேர்கின்றது என்று நோக்கினர். ஓரிடத்தில் வைத்தபோது, அலைகள் சிதறிக் குழம்பிக்கொண்டே இருந்தன. மற்றோரிடத்தில் வைத்தபோது, சுருள் அலை அத்தடையைப் பற்றிக்கொண்டு அமைதியாகச் சுழன்றது. வேறோரிடத்தில் வைத்தபோதோ அலைகள் யாவும் மறைந்து, பரப்பு ஓய்ந்துவிட்டது. தடையை மிகச் சிறிதளவு நகர்த்தினாலும் முடிவு மாறக்கூடும் என்பதே அவர்கள் கண்ட அரிய உண்மை. ஒரே மருத்துவம் ஒருவருக்குப் பயன்பட்டு மற்றொருவருக்குப் பயன்படாமற் போவதற்குத் தழும்பின் இடமும் ஒரு காரணமாகலாம் என்பதை இது நமக்கு உணர்த்துகின்றது அன்றோ?

இதற்கு முன்னர், 2001-இலும், சின்ஹா, பாண்டே, பண்டிட் ஆகிய மூவர் ஒரு வழியைக் கூறியிருந்தனர். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் காட்டுத்தீ பரவாதிருக்க, வனத்துறையினர் புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைப்பதை அறிவீர்கள். பெரிய காடு சிறு பகுதிகளாகப் பிரிந்துவிட்டால், தீ ஒரு பகுதியோடு அடங்கும். அதுபோலவே, தசைப் பரப்பின்மீது வலைபோன்ற கோடுகளில் மட்டும் மெல்லிய மின் தூண்டலைச் செலுத்தினால், அக்கோடுகள் சிறிது நேரம் அலையைத் தடுக்கும். சிறு பகுதிகளுள் அகப்பட்ட சுருள் அலைகள் சுழல இடமின்றி மறையும் என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். இன்று மருத்துவமனைகளில் அளிக்கப்படும் மின்னதிர்ச்சி வலிமை மிக்கது. நினைவுள்ளோர்க்குப் பெருந்துன்பம் தருவது. மெல்லிய தூண்டலால் அதனைச் செய்ய இயலுமாயின் எத்துணை நன்று!

'இத்துணைக் கணக்கு எதற்கு? துடிப்பைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்தால் போதாதா?' என்று சிலர் வினவக்கூடும். அவ்வாறு கருதியதன் விளைவை உலகம் ஒருமுறை கண்டது. மாரடைப்புற்றோர்க்கு இடையிடையே தோன்றும் மிகைத் துடிப்புகளை அடக்கினால் அவர்கள் நெடிது வாழ்வர் என்று மருத்துவர் பலர் நம்பினர். அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் அந்நம்பிக்கை பெரியதொரு சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. 1991-இல் முழுமுடிவு வெளிவந்தது. மருந்து உண்ட 755 பேரில் 63 பேர் இறந்தனர். மருந்தற்ற வில்லையை உண்ட 743 பேரில் இறந்தோர் 26 பேரே. மிகைத் துடிப்பு அடங்கியது உண்மை. ஆயினும் உயிர்கள் காக்கப்படவில்லை. அம்மருந்துகள் தசையில் அலையின் வேகத்தைக் குறைக்கும் இயல்பின. தழும்புள்ள இதயத்தில் வேகம் குறைந்தால், அலை சுழலச் சிறிய சுற்றுவழியே போதும் என்பதை மேலே நீங்களே கணக்கிட்டீர்கள் அல்லவா? நல்லெண்ணம் ஒன்றே மருத்துவத்திற்குப் போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இப்போது அமெரிக்காவின் ஜான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில் நத்தாலியா திரயனோவாவும் அவர் குழுவினரும், ஒவ்வொரு நோயாளியின் இதயத்தையும் காந்தப் படக்கருவியால் படமெடுத்து, அவரது தழும்போடு கூடிய இதயத்தைக் கணிப்பொறியில் அமைக்கின்றனர். அலை சுழலும் வழியை அங்குக் கண்டறிந்து, எவ்விடத்தைச் சுட்டால் சுழற்சி அறுபடும் என்று முன்கூட்டியே கணிக்கின்றனர். மருத்துவர் அக்கணிப்பின் துணைகொண்டு சிகிச்சை செய்ததை 2018-இல் வெளியிட்டனர். எனினும், ஒன்றை மறத்தலாகாது. கணிப்பொறியில் உள்ளது இதயத்தின் சாயலே. படத்தில் தெளிவாகத் தெரியாத இழைகள் உள. அளக்கப்படாத அளவைகள் உள. ஆதலால், அச்சாயல் கூறும் ஒவ்வொன்றையும் உண்மையான தசையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அறிஞர் ஏற்றுக்கொள்கின்றனர்.

என் நண்பருக்குத் தோளெலும்பின்கீழ்ச் சிறிய கருவியொன்றைப் பொருத்தியிருக்கின்றனர். துடிப்பு வழிதவறினால் அக்கருவியே அதனை உணர்ந்து சீர்செய்யும். அவர் மீண்டும் தறியில் அமர்ந்துவிட்டார். அண்மையில் யான் சென்றபோது, நெய்த துணியில் ஓரிடத்தைச் சுட்டி, "இங்கே ஓர் இழை தவறிவிட்டது, ஐயா! கண்ணுக்குத் தெரியாது, கை தடவினால் தெரியும்" என்றார். அறிஞர் செய்வதும் அதுவேயன்றோ? கண்ணுக்குப் புலப்படாத இழையின் தவற்றை அவர்கள் கணக்கினால் தடவிப் பார்க்கின்றனர்.

மாணவர்களே! இன்று வகுப்பில் பெருக்கலும் வகுத்தலும் உங்களுக்குச் சுமையாகத் தோன்றலாம். வேகத்தையும் காலத்தையும் பெருக்கிய எளிய கணக்கொன்று ஒரு நெசவாளரின் நெஞ்சில் நேர்ந்ததை விளக்கிற்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள். உங்களுள் ஒருவர் நாளை அக்கணக்கை மேலும் தொடர்ந்து செய்தால், தறியின்மீது சாயவிருக்கும் தலையொன்று சாயாது நிமிர்ந்திருக்கும்.

பயிற்சி

1. இதயத் தசையை நெசவோடு ஆசிரியர் ஒப்பிடுவது ஏன்?
2. கரட்டைச் சுற்றி ஓடும் தீ எந்நிலையில் அவிகின்றது? எந்நிலையில் அவியாது சுழல்கின்றது?
3. அலையின் வேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டர், ஓய்வுக் காலம் 0.3 நொடி எனின், அலை ஓயாது சுழலக் குறைந்தது எத்துணை நீளமுள்ள சுற்றுவழி வேண்டும்?
4. தடையை இடம் மாற்றி வைத்தபோது பெங்களூர், சென்னை அறிஞர் கண்ட மூன்று முடிவுகளைக் கூறுக.
5. மிகைத் துடிப்பை அடக்கிய மருந்துகள் உயிர்களைக் காக்கத் தவறியது ஏன்? பாடத்தில் உள்ள கணக்கைக்கொண்டு விளக்குக.